தறியினின்று எடுத்ததைத் தறிக்குத் தருவது ஈகையா?

சொல் மாறினால் பொருள் மாறும். பொருள் மாறினால் முறையும் மாறும். ஒரு நாட்டில் கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதைக் கணக்கேடு முடிவு செய்யுமுன் சொல்லே முடிவு செய்துவிடுகின்றது. இந்நாளில் ஏழைக் குடும்பத்துக்கு அரசு தரும் உதவிக்கு 'இலவசம்' என்று பெயர். நெசவாளர்க்குத் தருவதற்கு 'மானியம்' என்று பெயர். பெருந்தொழிற் குழுமத்துக்குத் தருவதற்கோ 'ஊக்கத்தொகை' என்று பெயர். மூன்றும் ஒரே கருவூலத்தினின்று செல்லும் பொருளே. மூன்றும் மக்கள் இறுத்த வரியே. ஆயினும் முதற்சொல்லில் இழிவும், இரண்டாஞ்சொல்லில் இரக்கமும், மூன்றாஞ்சொல்லில் மதிப்பும் ஒட்டிக்கொண்டுள்ளன. இச்சொற்சூழ்ச்சியைப் பிரித்தறியாதவரை, வரியைப் பற்றித் தமிழர் பேசும் பேச்செல்லாம் பிறர் வெட்டிய வாய்க்காலில் ஓடும் நீராகவே இருக்கும்.

2022 சூலைத் திங்களில், உத்தரப்பிரதேசத்தில் ஒரு விரைவுச்சாலையைத் திறந்துவைத்த தலைமையமைச்சர் மோதி, 'ரேவடி' என்னும் எள்ளினிப்பை அள்ளி வழங்குவதுபோல் வாக்குக்காகப் பொருள் வழங்கும் பழக்கம் நாட்டுக்குக் கேடு என்று பேசினார். அதற்கு ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பர் 15ஆம் நாள், பேரறிஞர் அண்ணாவின் பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே, மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை முதலமைச்சர் மு.க. இசுடாலின் தொடங்கிவைத்தார். ஒரு கோடியே ஆறு இலக்கத்துக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் உருபா என்பது அத்திட்டம். ஒருவர் இனிப்பு என்றதை மற்றவர் உரிமை என்றார். இவ்விரு சொற்களுள் எது மெய் என்பதைக் காஞ்சியின் தறிமேடையில் வைத்தே எடைபோட்டுப் பார்க்கலாம். ஏனெனில், வரி இறுத்தலும் பொதுப்பொருளைக் காத்தலும் பசித்தவர்க்குச் சோறிடுதலும் ஆகிய மூன்றுக்கும் அந்நகரைப்போல் நெடிய சான்றுள்ள ஊர்கள் சிலவே.

நெசவாளன் கையில் இருந்த பொதுப்பொருள்

கல்வெட்டுத் தமிழில் வரிக்கு எத்தனை பெயர்கள்! இறை, கடமை, ஆயம், பாட்டம், உல்கு, சுங்கம் என அவை விரியும். செக்குக்குச் செக்கிறை, தறிக்குத் தறியிறை. தறி இருந்த இடமெல்லாம் இறையும் இருந்தது. நெசவாளன் அரசுக்கு இறுக்காமல் வாழ்ந்த காலம் ஒன்று இருந்ததாக எவரும் காட்டவியலாது.

ஆயின் அற்றை நாளில் அவன் வெறும் வரிசெலுத்தியாக மட்டும் நிற்கவில்லை. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. கச்சிப்பேடு என்று அந்நாளில் வழங்கிய காஞ்சியில், ஊரகத்துத் திருமால் கோயிலுக்குரிய பொன்னை அந்நகரத்து நெசவாளர் சேரிகளில் முதலாக வைத்து, அதன் பொலிசையால் கோயிற் செலவுகள் நடக்கச் செய்த ஏற்பாட்டை அது கூறுகின்றது. பொலிசை என்பது இந்நாளில் வட்டி எனப்படுவது. பொதுப்பொருளை வைத்துக் காக்கும் அளவுக்கு நெசவாளர் சேரி நம்பிக்கைக்குரியதாய் இருந்தது என்பதே இதன் பொருள். அன்று பொதுப்பொருளுக்குக் காவலனாய் இருந்தவனை இன்று பொதுப்பொருளை எதிர்நோக்கிக் கையேந்துபவனாகக் காட்டுகின்றனர். தறி மாறவில்லை, பாவும் ஊடையும் மாறவில்லை, மாறியது கணக்கு எழுதும் கையே.

அதே காஞ்சி மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக மட்டும் பாராட்டுவோர் பலர். முதற் பராந்தகன் காலத்தில், பொதுக்கணக்கு ஆண்டுகளான 919, 921 ஆகியவற்றில் பொறிக்கப்பெற்ற அவற்றில் அதனினும் கூரிய விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்துக்கு வரத் தகுதியற்றவன். அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். ஏரிக்கு ஏரி வாரியம், பொன்னுக்குப் பொன் வாரியம் என்று பிரித்து, பொதுப்பொருளைத் தொட்டவனைக் கணக்கால் கட்டிய ஊர் அது. தமிழில் வரியாட்சி என்பது இரு முனையும் கட்டிய பாவு. மக்கள் இறுப்பது ஒரு முனை. ஆள்வோர் கணக்குக் காட்டுவது மறுமுனை. ஒரு முனை அவிழ்ந்தாலும் நெசவு நடவாது.

அரசன் வரி கொள்ளும் முறையைப் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு எடுத்துரைத்த பிசிராந்தையார், நெல்லை அறுத்துக் கவளமாக யானைக்கு ஊட்டுவதையும், யானையையே வயலில் புகவிடுவதையும் ஒப்பிட்டுக் காட்டினார். முதலாவதில் சிறுநிலமும் பலநாளைக்குப் போதும். இரண்டாவதில் யானை உண்பதைவிட அதன் காலில் மிதிபட்டு அழிவதே மிகுதி. இற்றை வரிமுறை காஞ்சியின் தறியை எவ்வாறு மிதித்தது என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டுவதில்லை.

யானை புகுந்த தறிக்குழி

2017 சூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடப்புக்கு வந்தது. அதுவரை கைத்தறித் துணிக்குத் தமிழ்நாட்டில் விற்பனை வரி விலக்கு இருந்தது. புதிய வரியில் பட்டு நூலுக்கு நூற்றுக்கு ஐந்து, நெய்து முடித்த பட்டுச் சேலைக்கும் நூற்றுக்கு ஐந்து, சாயப்பொருளுக்குப் பதினெட்டு. பல ஆயிரம் உருபா விலையுள்ள ஒரு கோர்வைச் சேலையில், ஐந்து விழுக்காடு என்பது சிறு தொகையன்று. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை நெசவுக்குத் தறியில் இருவர் உழைப்பு வேண்டும். அச்சேலை முடியப் பத்து நாள், பதினைந்து நாள், வேலைப்பாடு மிகுந்தால் அதற்கு மேலும் ஆகும். விசைத்தறியில் நெய்ததையும் இதையும் ஒரே வரித்தட்டில் வைத்தபோதே கைத்தறிக்கு இருந்த ஒரு வேலி பிடுங்கப்பட்டது.

அவ்வளவோடு நின்றதா? 2021 நவம்பரில், துணிகள் பலவற்றின் வரியை ஐந்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தி அறிவிக்கை வெளிவந்தது. 2022 சனவரி முதல் நாள் அது நடப்புக்கு வர இருந்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால், அதற்கு முந்திய நாள், திசம்பர் 31 அன்று, அவசரமாகக் கூடிய வரிமன்றம் அதனைத் தள்ளிவைத்தது. ஒரு நாள் இடைவெளியில் காஞ்சியின் தறிகள் தப்பின. பல நூற்றாண்டுத் தொழிலின் வாழ்வு ஒரே நாட் கூட்டத்தைச் சார்ந்து நின்றதெனில், அத்தொழிலாளியின் நிலை யாது?

இங்கொரு நுட்பம் உண்டு. 'கைத்தறிச் சேலைக்கு வரிவிலக்கு அளித்துவிட்டால் போதும்' என்று மேடையில் முழங்குவோர் பலர். விற்கும் சேலைக்கு மட்டும் விலக்கு அளித்தால், நூலுக்கும் சரிகைக்கும் சாயத்துக்கும் முன்பே இறுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிடும். அவ்வரி சேலையின் அடக்கவிலையில் ஒளிந்துகொள்ளும். ஆகலின் கேட்க வேண்டியது சேலைக்கு மட்டுமான விலக்கன்று. கைத்தறிக்குச் செல்லும் நூல், சரிகை, சாயம் ஆகியவற்றில் இறுத்ததையும் திருப்பித் தரும் முறையே வேண்டும். அரைகுறையாகக் கேட்பவனுக்கு அரைகுறையாகவே கிடைக்கும்.

அயல்நாட்டுப் பட்டு நூலின் மீதான உல்கு வரியும் இவ்வாறே இருமுனைக் கத்தி. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நடுவணரசு அதனைப் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடாக உயர்த்தியது. உள்நாட்டில் முசுக்கட்டை பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் உழவனுக்கு அது காப்பு, மறுக்கவியலாது. ஆனால் நூல் விலை ஏறும்போது கூலி ஏறாத நெசவாளனுக்கு அது சுமை. உழவனைக் காப்பாற்றும் செலவை நெசவாளன் தலையில் வைப்பது முறையன்று. உல்கு வருவாயில் ஒரு பங்கை நூல் விலைத் தணிப்புக்கென ஒதுக்கியிருந்தால் இருவரும் வாழ்ந்திருப்பர். வரி என்பது எடுப்பது மட்டுமன்று. எடுத்த இடத்தின் புண்ணை ஆற்றுவதுமாகும்.

ஆற்றுவதற்கென்று இருந்த அமைப்புகளின் கதையைப் பாருங்கள். 2015 ஆகத்து 7ஆம் நாள் முதற் கைத்தறி நாள் விழா சென்னையிலேயே தலைமையமைச்சரால் தொடங்கப்பெற்றது. ஐந்தாண்டு கழித்து, 2020 சூலைத் திங்களில், நெசவாளரின் குரலைக் கேட்பதற்கென்று இருந்த அனைத்திந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. விழாவுக்கு ஒரு நாள் தந்து, குரலுக்கு இருந்த இடத்தைப் பறித்தனர். 1985ஆம் ஆண்டுக் கைத்தறிப் பொருள் ஒதுக்கீட்டுச் சட்டம் இருபத்திரண்டு வகைப் பொருள்களைக் கைத்தறிக்கே உரியவை என்றது. 1996இல் அவை பதினொன்றாகக் குறைக்கப்பட்டன. எஞ்சிய பதினொன்றையேனும் காப்பதற்கு ஆளும் பொருளும் போதிய அளவில் ஒதுக்கப்பட்டனவா? 2005ஆம் ஆண்டளவில் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்னும் பெயரில் விற்பனையாவது ஓயவில்லை. சட்டம் ஏட்டில் இருக்கின்றது. அதை நடத்துவதற்கான செலவு ஏட்டில் இல்லை. செலவு ஒதுக்காத சட்டம் ஊடையில்லாத பாவு.

யார் பெறுவது இலவசம்?

இனி, 'இலவசம்' என்னும் பழிச்சொல்லுக்கு வருவோம். வருமான வரி செலுத்துவோர் மட்டுமே வரி செலுத்துவோர் என்றும், ஏனையோர் அவர்கள் பொருளில் உண்டு உறங்குவோர் என்றும் படித்தவர் நடுவில் ஒரு நினைப்பு வேரூன்றியுள்ளது. இது கணக்கறியாமை. தறியில் அமர்ந்திருப்பவன் வருமான வரி கட்டாமல் இருக்கலாம். ஆனால் அவன் குளிக்கும் வழலைக்கட்டிக்கும், பிள்ளையின் பற்பசைக்கும், மனைவியின் தலையெண்ணெய்க்கும் 2017 முதல் 2025 செப்டம்பர் வரை நூற்றுக்குப் பதினெட்டு இறுத்தான்; 2025 செப்டம்பர் 22 முதலே அது ஐந்தாகக் குறைந்தது. கல்நெய்யில் ஓடும் இருசக்கர வண்டிக்கு அவன் வாங்கும் ஒவ்வொரு படியிலும் இரண்டு அரசுகளின் வரியும் கலந்துள்ளது. செல்வன் வாங்கும் வழலைக்கும் ஏழை வாங்கும் வழலைக்கும் வரி ஒன்றே. வருவாயில் எத்தனை பங்கு வரியாகப் போகின்றது என்று பார்த்தால், பொருள் வாங்கவே தன் வருவாய் முழுவதையும் செலவிடும் ஏழையின் பங்கே கூடுதல். ஆகலின் திங்கள்தோறும் ஆயிரம் உருபா பெறும் நெசவாளியின் மனைவி எவர் வீட்டுச் சோற்றையும் உண்ணவில்லை. தன் வீட்டினின்று சென்றதில் ஒரு பகுதியையே திரும்பப் பெறுகின்றாள்.

மறுபுறம் பாருங்கள். 2019 செப்டம்பர் 20ஆம் நாள், நடுவண் நிதியமைச்சர் குழுமங்களுக்கான வருமான வரியை நூற்றுக்கு முப்பதிலிருந்து இருபத்திரண்டாகவும், புதிய உற்பத்திக் குழுமங்களுக்குப் பதினைந்தாகவும் குறைத்தார். அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி உருபா வருவாய் குறையும் என்று அவரே அன்று கூறினார். தமிழ்நாட்டு மகளிர் உரிமைத் தொகைக்கு 2024–25ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஒதுக்கப்பெற்றது 13,720 கோடி உருபா. பத்து மடங்குக்கும் மேற்பட்டதை எள்ளினிப்பு என்று எவரும் சொல்லவில்லை.

காஞ்சி மாவட்டத்திலேயே சான்று உண்டு. திருப்பெரும்புதூரில் நோக்கியாக் குழுமம் கைப்பேசித் தொழிற்சாலை அமைப்பதற்கு 2005இல் தமிழ்நாட்டரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. விற்பனைவழி வரும் வரியைத் திருப்பித் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்குரிய வரிவிலக்கும் அதற்குக் கிடைத்தது. 2006இல் தொடங்கிய அத்தொழிற்சாலை 2014 நவம்பர் முதல் நாள் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்டிரும் வேலையிழந்தனர். எட்டாண்டுக் கைப்பேசிக்கு வரியைத் திருப்பித் தர ஒப்பிய அரசுக் கைகள், நூற்றாண்டுகள் கடந்த தறிக்குத் திருப்பித் தரும்போது மட்டும் ஏன் நடுங்குகின்றன? தொழில் வருவதற்கு ஊக்கம் தருவது தவறென்பதன்று இங்குக் கூற்று. தந்ததற்கு என்ன பெற்றோம் என்னும் கணக்கு இருசாரார்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே.

பொதுச்செலவு வீண் என்போர்க்குத் தமிழ்நாட்டு வரலாறு முன்பே விடையளித்துவிட்டது. மணிமேகலை, வற்கடத்தால் வாடிய காஞ்சிக்கு வந்து அமுதசுரபியால் பசி தீர்த்ததைச் சாத்தனார் பாடினார். அக்காப்பிய அறத்தை அரசின் கடமையாக்கிய பெருமை பிற்காலத் தமிழ்நாட்டுக்குரியது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிப் பகலுணவு பரவியது. 1982 சூலை முதல் நாள் ம.கோ. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தை விரித்தார். 'கருவூலம் காலியாகும்' என்று அன்றும் பொருளியல் அறிந்தோர் சிலர் கைபிசைந்தனர். 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்ச முறைமன்றம், இந்தியா முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 'வீண்செலவு' எனப்பட்டது, இந்தியாவின் உரிமையாயிற்று.

காஞ்சியில் 1971இல் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு சரிகை நிறுவனமும் இத்தகையதே. சூரத்து வணிகரின் கையையே எதிர்நோக்கியிருந்த நெசவாளர்க்கு நம்பத்தக்க சரிகை கிடைக்கும் பொருட்டு, பொதுப்பொருளால் எழுந்தது அது. வீட்டிலேயே தறி வைத்துள்ள கைத்தறியாளர்க்கு இருதிங்களுக்கு இருநூறு அலகாக இருந்த கட்டணமில்லா மின்சாரம் 2023இல் முந்நூறாக உயர்த்தப்பட்டது. இருண்ட வீட்டில் நுண்ணிய கரை நெய்பவனுக்கு விளக்கு என்பது இன்பப்பொருளன்று, தொழிற்கருவி. கருவிக்கு உதவுவதை இலவசம் என்பவர், உழவனின் நீரையும் இலவசம் என்பர்.

வீட்டுக்கணக்கிலும் ஓட்டை உண்டு

பிறரைச் சுட்டும் விரல் தம்மையும் சுட்ட வேண்டும். உரிமைத் தொகை தரும் கருவூலத்துக்குப் பொருள் எங்கிருந்து வருகின்றது? 2003 முதல் மதுவைத் தமிழ்நாட்டரசே சில்லறையாக விற்கின்றது. அவ்வணிகக் கழகத்தின்வழி 2023–24ஆம் ஆண்டில் கருவூலத்துக்கு வந்த வரி வருவாய் 45,000 கோடி உருபாவைக் கடந்தது. உரிமைத் தொகைக்கு ஒதுக்கியதைப்போல் மும்மடங்கு! மனைவியின் கையில் ஆயிரம் வைக்கும் அரசு, கணவனின் கையினின்று அதனினும் மிகுதியாக எடுத்துக்கொள்கின்றது. பசித்தவன் வாய்க்குச் சோறும் அதே வாய்க்கு நஞ்சும் ஒரே கை ஊட்டலாமா? தறிக்குழியில் கால் நடுங்கினால் கரை கோணும். குடியால் கை நடுங்கியவனுக்குத் தறியே கோணும்.

இதன் வரலாறு கசப்பானது. 1939இல், சென்னை மாகாணத்தில் முதலமைச்சராய் இருந்த இராசாசி, மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்டவே பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவுக்கு மாற்றாக விற்பனை வரி என்பது அன்றைய ஏற்பாடு. 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. விற்பனை வரியோ நீடித்தது. 2017இல் அவ்விற்பனை வரியின் பெரும்பகுதி சரக்கு சேவை வரிக்குள் கரைந்தது. இப்போது மாநிலம் தானே அளவு வைக்கக்கூடிய வரிகளாக எஞ்சியவை மது, கல்நெய், ஊர்தி, பத்திரப் பதிவு முதலிய சிலவே. வரியை ஏற்றவும் இறக்கவும் உள்ள உரிமையை இழந்த மாநிலம், மதுக்கடையின் வாயிலிலேயே போய் நிற்கின்றது. மது வருவாயைக் குறைக்க வேண்டும் என்பவரும் மாநில வரியுரிமையைக் கேட்பவரும் ஒரே குரலில் பேச வேண்டியதற்கு இதுவே ஏது. ஒன்றை விட்டு மற்றொன்றைக் கேட்பது ஒற்றைக் காலால் தறி மிதிப்பதாகும். உரிமை கிடைக்கும்வரை குடி வருவாய் தவிர்க்கவியலாது என்று கைகழுவுவதும் ஏற்கத்தக்கதன்று; ஆண்டுக்கு இத்தனை கடை மூடுவோம், அதற்கு ஈடு இன்ன வருவாய் என்று அறிவிப்பதற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை.

அகப்பை யார் கையில்?

சரக்கு சேவை வரிமன்றத்தில் நடுவணரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. ஒரு முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். எனவே நடுவணரசு வேண்டாம் என்றால் எல்லா மாநிலங்களும் கூடினாலும் ஒன்றும் நடவாது. பட்டு நெய்யும் மாநிலத்துக்கும் பட்டே அறியாத மாநிலத்துக்கும் ஒரே வாக்கு. காஞ்சிச் சேலையின் வரியைக் குறைக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒருமித்து விரும்பினாலும் நடைமுறையில் இயலாது. அம்மன்றத்தின் பரிந்துரைகள் கட்டளைகள் ஆகா என்று 2022 மே திங்களில் உச்ச முறைமன்றம் கூறியபோதும், நடைமுறை மாறவில்லை.

திரட்டிய வரியைப் பகிர்வதிலும் இதே நிலை. நிதிக்குழுக்களின் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு ஒன்பதாம் குழுவின் காலத்தில் நூற்றுக்கு 7.931, பத்தாம் குழுவில் 6.637, பதினைந்தாம் குழு 2021–26க்கு வகுத்தது 4.079. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்திய மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ ஆறு விழுக்காடு. ஆறு பேருக்கு நான்கு பேர் சோறு! மேலும், மேல்வரி, கூடுதல் தீர்வை என்னும் பெயரால் திரட்டுவன பகிர்வுக் குவியலுக்குள் வருவதே இல்லை. குடும்பநலத் திட்டத்தைச் செவ்வனே நடத்தி மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு, அதுவே குறையாகவும் முடிந்தது.

இதில் இரண்டு நேர்மைகள் வேண்டும். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில், தமிழ்நாடு தரும் ஓர் உருபாவுக்கு 29 காசுகளே திரும்புகின்றன என்னும் முழக்கம் எங்கும் கேட்டது. குழுமங்களின் வருமான வரி அவற்றின் பதிவிடத்தில் கணக்காவதால், எம்மாநிலம் எவ்வளவு தந்தது என்பதைக் காசு வரை துல்லியமாகச் சொல்லல் அரிது. முழக்கத்தைவிட, மேலே காட்டிய நிதிக்குழு எண்களே வலிய சான்று. மற்றொன்று, பீகாரத்து ஏழைக்குழந்தைக்குச் சோறு போகக்கூடாது என்பது தமிழறமன்று. அமுதசுரபி ஊர் கேட்டுச் சோறிடவில்லை. இனம் கேட்டும் இடவில்லை. வறிய மாநிலத்துக்கு வளமிக்க மாநிலம் தருவது முறையே. ஆனால் தருபவனைக் கேளாமல், அளவைச் சொல்லாமல், அவன் சட்டியையும் பிடுங்கிக்கொண்டு, அவன் பிள்ளைக்குரிய பங்கைத் தரவும் கட்டளை விதிப்பது பகிர்வாகாது.

கட்டளை விதித்ததற்கு 2024–25ஆம் ஆண்டே சான்று. 'சமக்ர சிக்சா' என்னும் வடமொழிப் பெயர் தாங்கிய பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்திவைத்தது. மும்மொழிக் கொள்கையை உள்ளடக்கிய தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த 'பி.எம். சிறீ' பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாமையே காரணம். 2025 மே திங்களில் தமிழ்நாட்டரசு உச்ச முறைமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நெசவாளியின் மகள் படிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்க்குச் செல்ல வேண்டிய ஊதியம், அவள் தந்தை இறுத்த வரியில் ஒரு பகுதி. அவ்வரியை வாங்குமுன், 'உன் மகள் என்ன மொழி படிக்கின்றாள்?' என்று எவரும் கேட்கவில்லை. திருப்பித் தரும்போது மட்டும் கேட்டனர். வரிக்கு மொழி இல்லை. பங்குக்கு மட்டும் மொழி உண்டு என்பது எந்நாட்டு முறை? செங்கோலேந்தியவன் பறிப்பதை வேலேந்திய கள்வன் பறிப்பதோடு ஒப்பிட்டார் வள்ளுவர். பறித்ததைத் திருப்பித் தர மறுபடியும் விலை கேட்பவனுக்கு அவர் உவமை தேடவில்லை.

இக்கேடு நேற்று முளைத்ததன்று. 1969இல் தமிழ்நாட்டரசு அமைத்த இராசமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974 ஏப்பிரலில் மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2025 ஏப்பிரலில் மீண்டும் முறைவர் குரியன் சோசப்பு தலைமையில் உயர்நிலைக் குழு அறிவிக்கப்பெற்றது. அரை நூற்றாண்டாகக் குழுக்கள் உண்டு, அறிக்கைகள் உண்டு. இல்லாதது, அவ்வறிக்கைகளைத் தறிக்குழி வரையில் கொண்டுசென்று விளக்கும் உழைப்பு.

செய்ய வேண்டுவன

தமிழன்பர்கள் தம் தெருவில், தம் சங்கத்தில், தம் பள்ளியில் எடுத்துரைக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, சொல்லைத் திருத்துக. 'இலவசம்' என்று எழுதாமல் 'மக்கள் பங்கு' என்று எழுதுக, பேசுக. தொழிற்குழுமத்துக்குத் தருவதற்கும் நெசவாளிக்குத் தருவதற்கும் ஒரே சொல்லை ஆளுக. செய்தித்தாள் வேறு சொல் எழுதினால் மடல் எழுதிக் கேட்க.

இரண்டாவது, கைத்தறிப் பட்டுக்கு முழுமையான வரிநீக்கம் கேட்க. சேலைக்கு மட்டுமன்றி நூல், சரிகை, சாயம் ஆகியவற்றில் இறுத்ததும் திரும்ப வேண்டும். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை நடத்துவதற்கு ஆளும் பொருளும் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, உத்தரமேரூர் விதியை உயிர்ப்பிக்க. காஞ்சி மாவட்டத்தில் திரண்ட வரி எவ்வளவு, மதுக்கடை தந்தது எவ்வளவு, கைத்தறிக்குச் சென்றது எவ்வளவு, தொழிற்குழுமங்களுக்கு விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் ஊர்மன்றங்களில் தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும். கணக்குக் காட்டாத கட்சிக்கு வாக்கில்லை என்பதை வழக்கமாக்க வேண்டும். ஓராயிரத்து நூறாண்டுகட்குமுன் கல்லில் வெட்ட முடிந்ததை இன்று தாளில் எழுத முடியாதா?

நான்காவது, கல்விப் பொருளை மொழியோடு பிணைக்கும் எந்த ஒப்பந்தத்தையும் எந்த ஆட்சி வந்தாலும் ஏற்கலாகாது என்பதை எல்லாக் கட்சிகளிடத்தும் எழுத்தில் வாங்குக.

காஞ்சியின் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். எனினும் இழுத்தால் பிரியா. கூட்டாட்சி என்பதற்கு அதனினும் நல்ல வடிவம் இல்லை. தனித்தனி நாடா, தனித்தனி நிறம், பிரியாத பிணைப்பு. ஒரே நாடாவால் ஒரே நிறத்தில் நெய்துவிட்டு அதைக் கோர்வை என்று விற்பவன் வணிகனாயின் அவனைப் பொய்யன் என்பர் நெசவாளர். அரசாயினும் அவ்வாறே சொல்லத் தமிழர் கற்றுக்கொள்ள வேண்டும்.